அந்தப் பட்டியலில் யார் இல்லை? – குடும்பப்பெயர்க் கேள்வி பதில்

சென்ற இதழில் பிரெஞ்சுக் குடும்பப்பெயர்களைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களுக்கென்று இந்தமுறை பக்கம் முழுவதையும் ஆசிரியர் ஒதுக்கிக் கொடுத்துவிட்டார். லியோன் புறநகர் ஒன்றில் நகரசபையின் குடிமைப் பதிவுப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். பெயர்களைப் பார்ப்பதும் எழுதுவதும் திருத்துவதுமே அன்றாட வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தோடு பதில் சொல்கிறேன்.

கேள்வி: என் மருமகன் பிரெஞ்சுக்காரர். அவர் குடும்பப்பெயரை வேறு யாரிடமும் நான் கேட்டதே இல்லை. பேரன் பிறந்ததும் ஆர்வத்தில், பிரான்சின் தேசியப் புள்ளியியல் நிறுவனமான இன்சேயின் பெயர்ப் பட்டியலில் தேடினோம். 1891 முதல் 1915 வரை அவெரோன் மாவட்டத்தில் கொஞ்சம் பிறப்புகள், பாரிஸில் ஒன்றிரண்டு. பிறகு குறைந்துகொண்டே வந்து, 1966–1990 காலத்தில் ஒன்றுமே இல்லை. மருமகன் பிறந்தது 1988-ல், ஜெர்மனியில் உள்ள பாடன்-பாடனில். அவர் அப்பா படையில் இருந்தார். பெயர் அழிந்துவிட்டது என்று அரசாங்கமே சொல்கிறதா? இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? — எஸ்.கே., லியோன்

பதில்: பெயர் அழியவில்லை அம்மா. உங்கள் மருமகனும் பேரனும் அந்தப் பட்டியலுக்கு வெளியே இருக்கிறார்கள், அவ்வளவுதான். பிரான்ஸ் மண்ணில் பதிவான பிறப்புகளை மட்டும்தான் அது எண்ணுகிறது. ஜெர்மனியில் நிறுத்தப்பட்டிருந்த பிரெஞ்சுப் படைகளின் தலைமையகம் அப்போது பாடன்-பாடனில் இருந்தது. அங்கே பிறந்த ஏராளமான பிரெஞ்சுக் குழந்தைகளை எந்த மாவட்டக் கணக்கிலும் பார்க்க முடியாது. வெளிநாட்டில் பிறந்த பிரெஞ்சுக் குடிமக்களுக்காக நாந்த் நகரில் 1965 முதல் மையப் பதிவகம் ஒன்று இருக்கிறது. மருமகனின் பிறப்புச் சான்றுக்கு அங்கே எழுதிக் கேளுங்கள். உங்கள் பேரனோ, நீங்கள் பார்த்த கடைசிக் கட்டம் முடியும் 1990-க்கு வெகுநாள் கழித்துப் பிறந்தவன்.

இந்தப் பட்டியலைப் பார்த்துவிட்டு 'எங்கள் பெயரில் இத்தனை பேர்தான் உயிரோடு இருக்கிறார்கள்' என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இன்சே உயிரோடு இருப்பவர்களைப் பெயர்வாரியாக எண்ணுவதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்தும் இது வரவில்லை. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கும் தேசிய அடையாளப் பதிவேடு ஒன்று உண்டு. நம் சமூகப் பாதுகாப்பு அட்டையில் இருக்கும் எண்ணுக்குத் தாய் அதுதான். அதில் உள்ள பிறப்புகளை 25 ஆண்டுக் கட்டங்களாகப் பிரித்து, மாவட்டவாரியாகத் தந்த எண்ணிக்கையைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். மிகக் குறைவாக உள்ள பெயர்களைத் தனித்தனியே காட்டாமல் 'மற்ற பெயர்கள்' என்று ஒரே வரியில் சேர்த்துவிடும் வழக்கமும் அங்கே உண்டு. அரிய பெயருக்கு முதலில் அடிபடுவது இந்த இடத்தில்தான்.

அதைவிட முக்கியமான ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பதிவேடு ஒழுங்காக நிலைபெற்றது 1946-ல். அதற்கு முன்பே இறந்துபோனவர்களில் பலர் அதில் ஏறவே இல்லை. 1895-ல் பிறந்து 1916-ல் வெர்தான் போர்க்களத்தில் மாண்ட ஓர் இளைஞனை நினைத்துப் பாருங்கள். 1891–1915 கட்டத்தில் அவன் வர வேண்டும். ஆனால் வந்திருக்க மாட்டான். முதல் உலகப்போரில் பிரான்ஸ் இழந்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். பலர் கல்யாணம் ஆகாத, அல்லது அப்போதுதான் ஆன கிராமத்துப் பையன்கள். மர்த்தேன் போன்ற மிகப் பரவலான பெயருக்கு இந்த விடுபடல் உறைக்காது. ஒரே கிராமத்தில் நான்கு வீடுகளில் இருந்த பெயருக்கு உறைக்கும். எனவே உங்கள் மருமகனின் கிராமத்துப் போர் நினைவுத்தூணைப் போய்ப் பாருங்கள். அநேகமாக எல்லா பிரெஞ்சுக் கிராமத்திலும் ஒன்று நிற்கிறது. பாதுகாப்பு அமைச்சகம் அந்தப் போரில் இறந்த வீரர்களின் அட்டைகளையும் பார்வைக்கு வைத்திருக்கிறது. பட்டியலில் கிடைக்காத தாத்தாவின் தம்பி அங்கே கிடைப்பார்.

இன்னொரு சங்கதியும் எழுதத் தோன்றுகிறது. அந்த எண்ணை 1941-ல் உருவாக்கியவர் ரெனே கார்மீய். யூதர்களை அடையாளம் காண அரசின் புள்ளிவிவர இயந்திரங்கள் பயன்படாதபடி உள்ளிருந்தே தடுத்தவர். 1944-ல் லியோனில் கைதாகி, 1945 ஜனவரியில் நாஜிகளின் டாக்கௌ வதைமுகாமில் இறந்தார். இந்தப் பதிவேட்டை வைத்து வேலை செய்த எங்களுக்கு அவர் பெயரை யாரும் சொல்லித் தரவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்.

சரி, பெயர் எங்கிருந்து வந்தது? அவெரோனும் பாரிஸும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே நல்ல துப்பு. அவெரோன் மலைப்பக்கத்து ஆட்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாரிஸுக்குப் போய் விறகு, கரி விற்றார்கள், பிறகு காப்பிக்கடை வைத்தார்கள். ஆகவே பாரிஸ் பிறப்புகள் தனிக் கிளையாக இருக்க வாய்ப்பு குறைவு. அவெரோன்காரர்களின் பிள்ளைகளாகவே இருக்கலாம். க்ரெஸ் மாவட்டக் கொத்தனார்கள், பாரிஸின் மோன்பர்நாஸ் பகுதியில் குடியேறிய, பிரான்சின் மேற்குக் கோடியிலிருந்து வந்த பிரெத்தோன்காரர்கள் கதையும் இப்படித்தான். எப்போதும் பழைய கட்டத்தை முதலில் பாருங்கள். ஆட்கள் ஊர்விட்டு ஊர் பெரிதாக நகராத காலத்தின் நிழல் அதில் இருக்கும்.

அவெரோன் போன்ற தென்பகுதி மலைநாட்டில் ஒரு பெயர் அரிதாக இருப்பதற்கு அடிக்கடி ஒரே காரணம்தான்: அது ஒற்றைப் பண்ணையின் பெயர். மேட்டில் இருந்த வீட்டுக்காரருக்குப் புயெஷ், பண்ணைவீட்டுக்காரருக்குத் தெல்மா என்று வந்த பெயர்கள் எங்கும் பரவின, ஏனெனில் மேடும் பண்ணையும் எங்கும் உண்டு. ஆனால் ஒரு பள்ளத்தாக்கில் ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் இருந்த பெயர் அந்த வீட்டுக்காரர்களோடு நின்றுவிடும். மருமகனின் ஊர் வரைபடத்தில், பெரிய அளவிலான தாளில், அந்தப் பெயரைத் தேடுங்கள். ஒரு குக்கிராமமாகவோ, இடிந்த தொழுவமாகவோ இன்னமும் இருக்கக்கூடும்.

பிறகு ரோதேஸில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகம். பதிவேடுகளைக் கணினியில் இலவசமாகவே பார்க்கலாம். பிறப்புப் பதிவு 75 ஆண்டு கடந்தால் யாரும் திறக்கலாம். மருமகனின் கொள்ளுத்தாத்தாவில் தொடங்கி, கல்யாணப் பதிவு ஒவ்வொன்றாகப் பின்னே போங்கள். கல்யாணப் பதிவில்தான் இரு பக்கத்துப் பெற்றோர் பெயரும் இருக்கும். 1792 செப்டம்பர் 20-க்கு முன்பு பதிவேடு நகரசபையிடம் இல்லை, கோவில் பங்குக் குருவிடம் இருந்தது. 1539-ல் மன்னர் முதலாம் பிரான்சுவா வில்லேர்-கொத்ரே ஆணையில் ஞானஸ்நானப் பதிவை எழுதச் சொன்னார். 1579-ல் கல்யாணமும் அடக்கமும் சேர்ந்தன. 1667-ல் இரண்டு படிகள் எழுத வேண்டும் என்று ஆணை வந்தது. அதனால்தான் ஒன்று எலி தின்றாலும் மற்றொன்று பிழைத்திருக்கிறது.

எழுத்து மாறும் என்பதற்குத் தயாராக இருங்கள். தென்பிரான்சின் ஆக்சித்தான் மொழி பேசிய விவசாயி சொன்னதை, பிரெஞ்சில் எழுதப் பழகிய குரு காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆளுக்கு ஞானஸ்நானத்தில் ஓர் எழுத்து, கல்யாணத்தில் வேறு எழுத்து. கொல்லரைக் குறிக்கும் லத்தீன் சொல் ஒன்று வடக்கே லெஃபெவ்ர் என்றும் தெற்கே ஃபாப்ர், ஃபோர் என்றும் ஆல்ப்ஸ் பக்கம் ஃபாவ்ர் என்றும் நிற்கிறது. பழைய கையெழுத்தில் 'வி'யும் 'யு'வும் ஒன்றுபோல இருந்ததால், லெஃபெவ்ரைத் தவறாகப் படித்து லெஃபெபூர் என்ற தனிக் குடும்பப்பெயரே பிறந்தது. எழுத்து ஒருவழியாக உறைந்தது 1877-ல் குடும்பக் கையேடு வந்தபிறகு. உங்கள் அரிய பெயருக்கும், பக்கத்துப் பள்ளத்தாக்கில் சற்றே பரவலான ஓர் அண்ணன் பெயர் இருக்கலாம். ஓர் எழுத்து மாற்றி, இரண்டு எழுத்து மாற்றி, மீண்டும் தேடிப் பாருங்கள். கிடைத்ததை எனக்கு எழுதுங்கள், ஆசையாகக் காத்திருக்கிறேன்.

கேள்வி: பிரான்சில் மொத்தம் எத்தனை குடும்பப்பெயர்கள்? எது அதிகம்? — ஆர்.வி., செர்ஜி

பதில்: எழுத்து வேறுபாடுகளையும் குடியேறியவர்களின் பெயர்களையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். இவற்றில் மிகப் பெரும்பகுதி சில பத்துப் பேர் மட்டுமே தாங்கும் பெயர்கள். ஆகவே பிரான்சில் அரிய பெயர் வைத்திருப்பது அரிய விஷயமே இல்லை! தென்கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். பிரான்சில் முதலிடத்தில் உள்ள மர்த்தேன் நூற்றில் ஒருவர்கூட இல்லை. அடுத்து பெர்னார், தோமா, பெத்தி, ரொபேர், ரிஷார், துரான், துபுவா என்று போகும். மர்த்தேனுக்கு மூலம் தூர் நகரத்துப் புனித மார்ட்டின், 397-ல் இறந்தவர். ஞானஸ்நானப் பெயராக வைத்து வைத்து அதுவே குடும்பப்பெயரானது. எல்லா மர்த்தேன்களும் பங்காளிகள் என்று நினைத்துவிடாதீர்கள். நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே தோன்றிய பெயர் அது. அரிய பெயர்க்காரர்களுக்குத்தான் 'நாமெல்லாம் ஒரே வேர்' என்று சொல்ல ஓரளவு உரிமை உண்டு.

கேள்வி: பெயருக்கு முன்னால் 'த' என்று வந்தால் பிரபு வம்சமா? — எம்., ஸ்த்ராஸ்பூர்

பதில்: இல்லை. ஊரையோ இடத்தையோ குறிக்கும் ஒட்டு அது, குடியானவருக்கும் உண்டு. ஒட்டே இல்லாத பிரபுக்களும் இருந்தார்கள்.

கேள்வி: என் கணவர் ஃபினிஸ்தேர் பகுதி பிரெத்தோன்காரர். ஒரே பிள்ளை. எங்களுக்கு இரண்டு பெண்கள். 'என்னோடு இந்தப் பெயர் முடிந்தது' என்று மாமனார் ஒவ்வொரு பண்டிகையிலும் சொல்லி வருந்துகிறார். பெயர்கள் ஏன் இப்படி அழிகின்றன? ஏதாவது செய்ய முடியுமா? — பி.எல்., கெம்பேர்

பதில்: முடியும். மாமனாரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

முதலில் ஏன் என்பது. பெயர் தந்தை வழியே மட்டும் இறங்கினால், ஆண் வாரிசு இல்லாத ஒரு தலைமுறை போதும், அந்தக் கிளை முடிந்துவிடும். இதைக் கணக்காக்கிப் பார்த்த முதல் ஆட்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரரே: இரெனே-ஜூல் பியெனமே. பிரபுக் குடும்பங்கள் ஏன் மறைகின்றன என்று 1845-ல் எழுதினார். பின்னர் 1873-ல் இங்கிலாந்தில் கால்ட்டன் இதே கேள்வியைப் பத்திரிகையில் வைக்க, வாட்சன் விடை தந்தார். அந்தக் கணக்கு அவர்கள் இருவர் பெயரிலேயே பிரபலமாகிவிட்டது. பியெனமே முன்பே சரியாகச் சொன்னதை நெடுங்காலம் யாரும் கவனிக்கவில்லை. கணக்கு சொல்வது இது: சராசரியாக ஒரு தகப்பனுக்கு ஒரு மகன் என்றால், காலம் போகப் போக அந்தப் பெயர் நிச்சயம் அழியும். சராசரி ஒன்றுக்குச் சற்று மேலே இருந்தாலும் அழிவதற்கே வாய்ப்பு அதிகம். அமெரிக்க வெள்ளையர் மக்கள்தொகை விவரத்தை வைத்து லோட்கா என்ற அறிஞர் 1931-ல் போட்ட கணக்கில், ஓர் ஆணிலிருந்து தொடங்கும் வழி முடிந்துபோகும் வாய்ப்பு ஏறத்தாழ 82 விழுக்காடு. மக்கள்தொகை வளர்ந்துகொண்டிருந்த நாட்டிலேயே இப்படி! இதில் குடும்பத்தின் குற்றம் எதுவும் இல்லை. பெண் பிள்ளைகளின் குற்றம் நிச்சயமாக இல்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் வருவார்கள். பெயரை மட்டும் சட்டம் ஒரு வழியில் ஓடவிட்டிருந்தது.

அந்தச் சட்டம் இப்போது மாறிவிட்டது. 2005 ஜனவரி 1 முதல் பிறக்கும் குழந்தைக்குத் தந்தை பெயர், தாய் பெயர், அல்லது இரண்டையும் விரும்பிய வரிசையில் வைக்கலாம். முதல் குழந்தைக்கு எது வைத்தீர்களோ அதே பெற்றோரின் அடுத்த குழந்தைகளுக்கும் அதுதான். ஆகவே உங்கள் பெண்கள் நாளைக்குத் தாயாகும்போது, தாத்தாவின் பெயரைத் தாங்களே பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். பெண்ணுக்குக் கல்யாணமானால் பெயர் போய்விடும் என்று மாமனார் நினைத்தால் அதுவும் சரியல்ல. பிரெஞ்சுச் சட்டப்படி பிறப்புச் சான்றில் உள்ள பெயரே ஒருவருக்குக் கடைசிவரை பெயர். 1794 ஆகஸ்ட் 23-ன் புரட்சிக்காலச் சட்டத்திலிருந்து அப்படித்தான். கணவர் பெயர் புழக்கத்துக்கு மட்டும்.

2022 ஜூலை 1 முதல் இன்னொரு வசதி. பதினெட்டு வயதானவர் எவரும், வாழ்நாளில் ஒருமுறை, தன் பெற்றோரில் மற்றவரின் பெயருக்கு மாறலாம், அல்லது சேர்த்துக்கொள்ளலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. நகரசபையில் படிவம் கொடுத்து, ஒரு மாதம் கழித்து நேரில் வந்து உறுதிசெய்தால் போதும். சட்டம் இத்தனை எளிதாகும் என்று முன்பு எங்களில் யாரும் நினைக்கவில்லை. அம்மாவின் பெயருக்காக ஏங்கியவர்களை எந்தப் படிவமும் கொடுக்க வழியில்லாமல் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.

பெயர் ஏற்கெனவே பாட்டி தலைமுறையில் நின்றுபோயிருந்தால் வேறு வழி. உரிமையியல் சட்டத்தின் 61-ஆம் பிரிவு, நான்காம் படி உறவுக்குள் உள்ள முன்னோரோ கிளை உறவினரோ தாங்கிய பெயர் அழியாமல் காக்க, பெயர்மாற்றம் கேட்க அனுமதிக்கிறது. நீதி அமைச்சருக்கு விண்ணப்பம். அந்தப் பெயரைத் தாங்கும் வேறு எவரும் இல்லை, அல்லது இல்லாமல் போகும் நிலை என்று ஆவணங்களோடு காட்ட வேண்டும். பொறுமை வேண்டும். இந்த எண்ணம் பழையதுதான். போரில் பிள்ளையில்லாமல் மாண்ட, குடும்பத்தின் கடைசி ஆணின் பெயரை உறவினர் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ள 1923 ஜூலை 2-ல் தனிச் சட்டமே வந்தது. நாட்டுக்காக இறந்தவரின் பெயராவது சாகக்கூடாது என்று ஒரு பாராளுமன்றம் சட்டம் போட்டதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு கனக்கும்.

மறைந்த பெயரை மீட்டதற்குப் பிரபலமான உதாரணம் முன்னாள் குடியரசுத் தலைவர் வலேரி ஜிஸ்கார் தெஸ்தேன். அவர் தந்தை வெறும் ஜிஸ்காராகப் பிறந்தவர். 1922-ல் அரசாணை பெற்று 'தெஸ்தேன்' சேர்த்துக்கொண்டார். அந்தப் பெயரின் புகழ்பெற்ற கடற்படைத் தளபதி தெஸ்தேன் 1794-ல் கில்லட்டினில் உயிர்விட்டவர். இளமையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையோடு இந்தியாவுக்கு வந்து, 1758-ல் சென்னை முற்றுகையில் ஆங்கிலேயரிடம் பிடிபட்டவரும் அவர்தான்.

கேள்வி: கியூபெக்கிலிருந்து வந்த சக ஊழியர் பெயர் த்ராம்ப்ளே. அங்கே தெருவுக்குத் தெரு அந்தப் பெயராம். பிரான்சில் அபூர்வமாகத்தான் காண்கிறேன். ஏன்? — டி.ஜே., ரென்

பதில்: பியெனமே கணக்கின் மறுபக்கம் இது. பிரான்சின் பெர்ஷ் பகுதியில் ராந்தொனே என்ற சிற்றூரிலிருந்து பியேர் த்ராம்ப்ளே 1647-ல் கப்பலேறினார். 1657-ல் ஒசான் அஷோனை மணந்தார். பன்னிரண்டு பிள்ளைகள். கியூபெக்கில் இன்று அதிகம்பேர் தாங்கும் பெயர் அதுதான், நூற்றில் ஒருவருக்கு. அவர்களெல்லாம் அந்த ஒரே தம்பதியின் வழி. ஊரிலேயே இருந்திருந்தால் அந்தப் பெயர் என்னவாகியிருக்குமோ! சீர்திருத்தக் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை தந்த நாந்த் ஆணை 1685-ல் ரத்தானபோது நாட்டைவிட்டு ஓடிய அவர்களும் இப்படியே. த்யூ ப்ளெஸீ, த்யூ துவா, ழூபேர் எல்லாம் இன்று தென்னாப்பிரிக்காவில் அன்றாடப் பெயர்கள். உங்கள் குடும்பப்பெயர் பிரான்சுப் பட்டியலில் இல்லாவிட்டால் கடலுக்கு அப்பாலும் தேடுங்கள்.

கேள்வி: எங்கள் குடும்பத்துக்கு பிரெஞ்சுப் பெயர். தாத்தாவின் அப்பா புதுச்சேரியில் வைத்துக்கொண்டது. இங்கே அதே பெயருள்ள பிரெஞ்சுக் குடும்பங்கள் சில உண்டு. உறவு இருக்குமா? பட்டியலில் நாங்கள் வருவோமா? — ஜே., சார்செல்

பதில்: உறவு இருக்க வேண்டியதில்லை. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, இந்தியர்களின் மரபுவழித் தனிநபர் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றவர்கள், தமக்கும் சந்ததிக்கும் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து பதிவாளர் முன் சொல்ல வேண்டியிருந்தது. அந்த இயக்கத்தை முன்நின்று நடத்திய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை லபோர்த் ஆனார். முன்பு 1873-ல் காலணியோடு நீதிமன்றத்துக்குள் நுழைந்து, அதற்காகத் தண்டிக்கப்பட்டு, வழக்காடியவர் அவரே. சிலர் பிரெஞ்சுச் சொல்லை எடுத்தார்கள், சிலர் புனிதர் பெயரை, பலர் தமிழ்ப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். சாதியைச் சொல்லாத ஒரு பெயர் கிடைத்ததே பலருக்குப் பெரிதாக இருந்தது. உங்கள் பூட்டனார் அந்தப் பெயரை இரவல் வாங்கவில்லை. தானே முன்வந்து எடுத்தார். அவரிடமிருந்து தொடங்கும் தனி வம்சம் உங்களுடையது.

புதுச்சேரியில் பிறந்த உங்கள் தாத்தா, அப்பா இருவரும் இன்சே பட்டியலில் இல்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் மட்டும் ஏறுவார்கள். ஆதலால் உங்கள் பெயர் திடீரென முளைத்ததுபோலத் தெரியும். மூலப் பதிவுகளுக்கு ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸில் உள்ள கடல்கடந்த நிலப்பகுதிகளின் ஆவணக் காப்பகம். இந்திய பிரெஞ்சுப் பகுதிகளின் குடிமைப் பதிவேடுகளைக் கணினியில் அங்கே படிக்கலாம். மரபுவழிச் சட்டத்தைத் துறந்த அறிவிப்புப் பத்திரம் கிடைத்தால் பூட்டனாரின் கையொப்பத்தையே பார்ப்பீர்கள். புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த 1962 ஆகஸ்ட் 16-க்குப் பிறகு ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த அறிவிப்பு இருந்தால் அதையும் பத்திரமாக வையுங்கள்.

பிரான்சின் கரிபியன் தீவுகளில் இன்னொரு விதம். 1848-ல் அடிமைமுறை ஒழிந்தபோது, பெயரே இல்லாமல் வைக்கப்பட்டிருந்தவர்களுக்கு அதிகாரிகள் ஆயிரக்கணக்கில் பெயர் உண்டாக்கினார்கள், சிலசமயம் எழுத்துகளைத் தலைகீழாகப் புரட்டிப்போட்டு. பிரான்சின் அரிய பெயர்களில் ஏராளம் அங்கே பிறந்தவை. 1853, 1854-லிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய நம்மவர்களின் ஒற்றைப் பெயர்களும் அங்கே குடும்பப்பெயர்களாயின. ராமசாமியும் முத்துசாமியும் குவாதலூப்பில் பிரெஞ்சு எழுத்தில் நிலைத்து, இன்சே பட்டியலில் மர்த்தேனுக்குச் சமமாக நிற்கிறார்கள்.

கேள்வி: மனைவியின் முன்னோர் பாரிஸ்காரர்கள். 1860-க்கு முன்னால் ஒன்றும் கிடைக்கவில்லை. தேடுவதை விட்டுவிடலாமா? — கே., வில்நெவ்

பதில்: விடாதீர்கள். 1871 மே மாதம், பாரிஸ் கம்யூன் என்ற மக்கள் கிளர்ச்சியின் கடைசி நாட்களில் நகரமாளிகையும் நீதிமாளிகையும் எரிந்தன. இரண்டு படிகளில் ஒன்று இங்கே, ஒன்று அங்கே இருந்ததால் இரண்டுமே சாம்பலாயின. எரிந்தவை ஏறக்குறைய 80 லட்சம் பதிவுகள். குடும்பங்கள் வைத்திருந்த நகல்களையும் பத்திரங்களையும் கொண்டு மூன்றில் ஒரு பங்கை மறுபடி எழுதினார்கள். அவை பாரிஸ் ஆவணக் காப்பகத்தில் அகரவரிசையில் உள்ளன. அரிய பெயர் என்பது இங்கே உங்களுக்குச் சாதகம். மர்த்தேன் என்றால் ஆயிரக்கணக்கான அட்டைகளைப் புரட்ட வேண்டும், உங்களுக்கு ஒரு கைப்பிடிதான். அதிலும் இல்லையென்றால் நோட்டரி பத்திரங்கள் இருக்கின்றன. தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அவை அந்தத் தீயில் சிக்கவில்லை. திருமண ஒப்பந்தம், சொத்துக் கணக்கு இரண்டையும் முதலில் கேளுங்கள். முதல் எழுத்தை மட்டும் மாற்றிப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.